கழுத்துவலிக்குத் தகுதியான இரண்டு சிங்கப்பூர் ஆல்பங்கள்

சிங்கப்பூர் மெட்டல் குழுவான வோர்ம்ராட்டில் பேஸ் கிட்டார் கிடையாது. கத்துவதற்கு அரிஃப், கிட்டாருக்கு ரஷீத், டிரம்ஸுக்கு விஜேஷ் என்று இருந்தார்கள். மூன்றே பேர். 2022 ஜூலையில் இவர்கள் வெளியிட்ட 'ஹிஸ்' ஆல்பத்தில் 21 பாட்டுகள். அத்தனையும் ஓடி முடிய சுமார் 33 நிமிடம்தான். ஈசூனில் ரயில் ஏறும்போது போட்டால், சிட்டி ஹாலில் இறங்கும் நேரத்தில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவர்கள் வாசிப்பது கிரைண்ட்கோர், மெட்டலும் பங்க்கும் கலந்த அதிவேக இசை. அந்த வகைக்கே பொறுமை கிடையாது. 1987-ல் பர்மிங்காமின் நேபாம் டெத் குழு தன் 'ஸ்கம்' ஆல்பத்தில் 'யூ சஃபர்' என்று ஒரு பாட்டு போட்டது. நீளம் ஒன்றரை விநாடிகூட இல்லை. உலகத்திலேயே மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்த வம்சத்தில் வந்தவர்கள்தான் வோர்ம்ராட். இந்த வகையில் டிரம்ஸ்காரருக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் காலால் மிதிக்கும் கிக் டிரம்மும் மாறி மாறி, காது பிரித்துக் கேட்க முடியாத வேகத்தில் விழ வேண்டும். பிளாஸ்ட் பீட் என்பார்கள். புதிதாகக் கேட்பவருக்கு அது ஒரே இரைச்சல். கொஞ்ச நாள் பழகினால், கை தளர்ந்த டிரம்மர் யார், தளராதவர் யார் என்று தெரிய ஆரம்பிக்கும்.

பெரும்பாலான கிரைண்ட்கோர் ஆல்பங்கள் ஆறாவது பாட்டிலேயே என்னை இழந்துவிடும். எல்லாம் ஒரே வேகம், ஒரே கத்தல். எங்கே ஒரு பாட்டு முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்றே தெரியாது. 'ஹிஸ்' அப்படி இல்லாமல் போனதற்கு முதல் காரணம் ரஷீத். பேஸ் இல்லாத குறையைத் தன் கிட்டார் ஒலியின் அடிப்பகுதியைத் தடிக்க வைத்துச் சரிக்கட்டுகிறார். சரி, அதை நிறையப் பேர் செய்கிறார்கள். இவருடைய கெட்டிக்காரத்தனம், ஒரு ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை, எப்போது கைவிட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது. நன்றாக இருக்கிறதே, இன்னொரு தடவை வாசிக்க மாட்டாரா என்று நாம் நினைக்கும் நேரத்தில் அது போய்விடும். வேறு ஒருவராக இருந்தால் அந்த ஒரு ரிஃபை வைத்து ஐந்து நிமிடப் பாட்டு பண்ணியிருப்பார்.

இரண்டாவது காரணம் வயலின். மைரா சூ என்ற கலைஞர் சில பாட்டுகளில் வாசிக்கிறார். மெட்டலில் வயலின் என்றதும் நான் சலித்துக்கொள்வேன். பெரும்பாலும் அது சோகத்துக்குச் சர்க்கரை தூவும் வேலை. இங்கே 'க்ரீவ்' பாட்டில் அந்த வயலின் கீறுகிறது. அரிஃபின் அலறலுக்குப் பக்கத்தில் இன்னொரு தொண்டை மாதிரி நிற்கிறது. கடைசிப் பாட்டு 'கிளாஸ் ஷார்ட்ஸ்'. ஆல்பத்தில் இவ்வளவு நேரம் கிடைக்காத இடம் அதில்தான் வயலினுக்குக் கிடைக்கிறது. அந்த நீளம் இல்லையென்றால் முன்னால் ஓடிய இருபது பாட்டும் வெறும் ஓட்டமாகப் போயிருக்கும்.

அரிஃபைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழே உறுமுவார், மேலே கீச்சிடுவார், நடுவில் திடீரென்று மனிதக் குரலில் பாடுவார். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது சுலபமில்லை. இந்தக் கத்தலில் குரல்நாண் மட்டும் வேலை செய்வதில்லை. பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும் போலிக் குரல்மடிப்புகளும் அதிர்கின்றன. தெரியாமல் கத்திப் பார்த்தால் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும்.

குறை சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. ஆல்பத்தின் நடுப்பகுதியில் கொஞ்சம் தொய்வு உண்டு. 'பேல் மூன்லைட்' போன்ற இடைவேளைத் துண்டு மூச்சு விடத் தேவைதான், ஆனால் அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று பாட்டுகள் முன்பே கேட்டதுபோல் இருக்கின்றன. 'வென் டாக்கிங் ஃபெய்ல்ஸ், இட்ஸ் டைம் ஃபார் வயலன்ஸ்' என்ற தலைப்பு, உள்ளே இருக்கும் பாட்டைவிட நன்றாக இருக்கிறது. அதற்காக ஆல்பத்தை யாரும் விட்டுவிட வேண்டாம்.

வோர்ம்ராட் 2017-ல் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தது. அதற்கு முன் எந்தச் சிங்கப்பூர்க் குழுவும் அங்கே மேடை ஏறியதில்லை. ஆனால் இணையத்தில் இவர்களை முதலில் பிரபலமாக்கியது ஓர் ஆடு. பிரான்ஸில் ஒரு பண்ணையில் வளர்ந்த அந்த ஆடு, இவர்கள் வாசித்த நிகழ்ச்சியில் கூட்டத்தோடு கூட்டமாக முன்னால் வந்து நின்றது. படம் உலகம் முழுக்கச் சுற்றியது. நம் ஊர் நிகழ்ச்சிகளில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைவிட அந்த ஆட்டுக்குக் கவனம் அதிகம் என்பது என் கருத்து.

'ஹிஸ்' வெளிவந்த சமயத்திலேயே அரிஃபும் விஜேஷும் குழுவை விட்டு விலகினார்கள். ஆக, இந்த மூவர் அணியின் கடைசி ஆல்பம் அது. நல்ல கூட்டணிகளுக்கு இங்கே ஆயுள் குறைவு. கட்டாயத் தேசிய சேவை, வேலை, பிள்ளைகள், பயிற்சி அறையின் வாடகை என்று ஒவ்வொன்றாக வந்து ஆளைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு குழு உண்டு. ருத்ரா.

1992-ல் தொடங்கியவர்கள். நடுவில் ஒரு முறை கலைந்து மறுபடி சேர்ந்தார்கள். பேஸ் வாசித்துக்கொண்டே பாடுபவர் கதிர், டிரம்ஸ் சிவா. தமிழர்கள். முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. அதற்குப் பிறகு 'குருக்ஷேத்ரா', பிரம்மவித்யா வரிசையில் மூன்று, 2022-ல் 'எய்ட் மகாவித்யாஸ்' என்று நிற்காமல் வந்துகொண்டிருக்கிறார்கள். தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நார்வேக்காரர்கள் தேவாலயத்தையும் சாத்தானையும் வைத்து மெட்டல் பண்ணிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் உபநிடதத்தையும் அத்வைதத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லா ஆல்பத்தையும் இங்கே பேச இடமில்லை. என் ஓட்டு 2009-ல் வந்த 'பிரம்மவித்யா: டிரான்சென்டெண்டல் ஐ' ஆல்பத்துக்கு.

இதை முதலில் வீட்டு ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா பூசை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏன்டா, சுலோகத்தைத் திட்டுற மாதிரி சொல்றான்?" என்றார். வெளிநாட்டு விமர்சனங்கள் எத்தனையோ படித்திருக்கிறேன், யாரும் இவ்வளவு சரியாகப் பிரச்சினையைத் தொட்டதில்லை. அங்கே எழுதுபவர்களுக்குச் சமஸ்கிருதம் என்றாலே சாம்பிராணி வாசனை. 'கிழக்கின் மர்மம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுவார்கள். நமக்கு அது தினம் காதில் விழுந்த சத்தம். அதனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் சுலோகம் பாட்டுக்கு மேல் பூசிய சந்தனமா, இல்லை பாட்டின் எலும்பிலேயே இருக்கிறதா?

எலும்பில்தான் இருக்கிறது என்பேன். அனுஷ்டுப் சந்தத்தில் ஒரு பாதத்துக்கு எட்டு எழுத்து. மெட்டலின் சாதாரண நாலு தட்டு அளவை அரைத்தட்டுகளாகப் பிரித்தால் அதுவும் எட்டு. கதிர் ஆங்கில வரிகளிலிருந்து சுலோகத்துக்குத் தாவும்போது ரிஃப் தடுமாறாமல் போவதற்கு இந்தப் பொருத்தம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கில வரிகளில்தான் சில இடங்களில் அசைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. சுலோகம் வந்ததும் குரல் கால் நீட்டி உட்கார்ந்துவிடுகிறது.

அம்மாவுக்கும் அன்றே பதில் சொல்லிவிட்டேன். ஸ்ரீருத்ரத்தைப் பத்துப் பேர் சேர்ந்து ஓதும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோமே, அது என்ன தாலாட்டா? அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம், மூச்சு முட்டும் வேகம், ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் பிடிவாதம். மெட்டலுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அதுல எழுத்து புரியும்" என்றார். அதுவும் நியாயம்தான். ருத்ராவின் உறுமலில் எழுத்து புரியாது. பாடல் வரிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கேட்டால் இந்த ஆல்பம் பாதிதான் கிடைக்கும்.

புத்தகத்தோடு கேட்டால் ஓர் ஒழுங்கு தெரியும். இது குருமார்களைச் சுற்றிவரும் ஆல்பம். பகவத்பாதரான ஆதிசங்கரர் வருகிறார், அவதூதர் வருகிறார், 'மெஜஸ்டிக் அஷ்டாவக்ரா'வில் எட்டுக் கோணலுடம்பு முனிவர் வருகிறார். ஜனகர் சபையில் தன் உடம்பைப் பார்த்துச் சிரித்தவர்களை, தோலைப் பார்க்கும் தோல் வியாபாரிகளா நீங்கள் என்று கேட்டதாகச் சொல்லப்படும் அதே அஷ்டாவக்கிரர். டெத் மெட்டல் என்ற இந்த உறுமல் மெட்டலுக்கு இவரைவிடப் பொருத்தமான நாயகர் உண்டா? உடைந்த உடம்பு, உடையாத அறிவு. ஹாலிவுட் பேய்ப் படங்களிலிருந்து கதை எடுக்கும் குழுக்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

புதிதாகக் கேட்பவர்கள் 'ஹிம்ஸ் ஃப்ரம் த பிளேசிங் சாரியட்'டிலிருந்து தொடங்கலாம். தேர்த்தட்டில் நடந்த உபதேசம். கீதை வகுப்புகளில் மெதுவாக, இனிமையாக விளக்குவார்களே, அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருந்தது: இரண்டு பக்கமும் சேனை நிற்க, சங்கு முழங்க, குதிரைகள் கனைக்க, இவ்வளவு அமைதியாகவா பேசியிருப்பார்கள்? இந்தப் பாட்டில் அந்தச் சத்தம் இருக்கிறது. சிவாவின் இரட்டை பேஸ் டிரம் மிதிப்பு தேரை உருட்டிக்கொண்டு போகிறது. கிட்டார்கள் பழைய திராஷ் பாணியில், கையால் கம்பியை அடக்கி அடக்கி வெட்டுகின்றன.

ஆல்பத்தின் குறை நீளம். வோர்ம்ராட்டோடு ஒப்பிட்டால் யாருமே நீளம்தான், ஆனாலும் இரண்டு பாட்டைக் குறைத்திருக்கலாம். பின்பாதியில் ரிஃப்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. தத்துவத்தை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் சில பாட்டுகள் பாடமாகிவிடுகின்றன. இன்னொரு ஆதங்கம் என் சொந்த ஆதங்கம். ஆங்கிலமும் சமஸ்கிருதமும் இருக்கிற இடத்தில் தமிழுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். சித்தர் சிவவாக்கியரின் சந்தம் இரட்டை பேஸ் டிரம்முக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கோபமும் இருக்கிறது, அத்வைதமும் இருக்கிறது, மெட்டல்காரனுக்குப் பிடித்த அந்த 'ஏதடா' தொனியும் இருக்கிறது. யாராவது பண்ணுங்களேன்.

ஆல்பம் இப்படி. மேடை வேறு கதை.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் இருந்த காலத்தில் அங்கேதான் எல்லாம். நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990-ல் தொடங்கிய கலை மையம்; முன்பு துணை மின்நிலையமாக இருந்த கட்டடம். தொண்ணூறுகளில் அதன் தோட்டத்தில் பங்க், மெட்டல் குழுக்கள் வாசித்தன. ஸ்லாம் டான்ஸிங் என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடுவதற்கு அப்போது இங்கே தடை இருந்தது. ஆடாமல் நின்றுகொண்டே மெட்டல் கேட்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் தெரியுமா? 2021-ல் சப்ஸ்டேஷன் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. அதற்குப் பிறகு சின்ன நிகழ்ச்சிகள் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மதுக்கூடங்களிலும் தொழிற்பேட்டைக் கட்டடங்களின் மாடிகளிலும் நடக்கின்றன. சரக்கு மின்தூக்கியில் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்து நாமும் மேலே போக வேண்டும். பகலில் மின்தூக்கி பழுதுபார்ப்பதுதான் என் வேலை என்பதால், கதவு மூடும் சத்தத்தை வைத்தே அது எப்போது நிற்கும் என்று சொல்லிவிடுவேன். நிகழ்ச்சிக்கு வரும் பையன்களுக்கு இது பெரிய வித்தை.

"அண்ணே, மேல போனதும் பிடிக்கலைன்னு திரும்பிடாதீங்க, லிஃப்ட் திரும்ப வராது" என்று ஒரு தடவை ஒரு மலாய்த் தம்பி கிண்டல் பண்ணினான். இந்தக் கூட்டத்தில் மலாய் இளைஞர்கள்தான் எப்போதும் அதிகம். எண்பதுகளின் மலாய் ராக் காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் கிட்டார் உண்டு. சீனர்கள் அடுத்து. தமிழர்கள் அங்கொருவர் இங்கொருவர். ருத்ரா வாசிக்கும் இரவில் மட்டும் நம் முகங்கள் கொஞ்சம் கூடும்.

சின்ன அறையில் ருத்ராவைக் கேட்டால் சுலோகத்தின் நுணுக்கமெல்லாம் போய்விடும். தாழ்ந்த கூரையில் பட்டுத் திரும்பும் சிம்பல் ஒலி எல்லாவற்றையும் மூடிவிடும். மிஞ்சுவது டிரம்ஸும் உறுமலும். ஆனால் வீட்டில் நீளம் என்று நான் குறை சொன்ன பாட்டுகள் அங்கே நீளமாகத் தெரியாது. பின்பாதியின் அந்த ஒரே மாதிரி ரிஃப், பக்கத்தில் இருபது தலைகள் ஒன்றாக ஆடும்போது, ஓதுவதுபோல் ஆகிவிடுகிறது. இந்த ஆல்பத்துக்கு வீட்டில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், மேடையில் நாலரை. 'ஹிஸ்' நேர்மாறு. ஹெட்ஃபோனில் அது நாலரை. மோசமான ஒலிக்கருவி உள்ள அறையில் அந்த வகை இசை மூன்றுக்கு மேல் போகாது, வேகம் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும்.

மோசமான ஒலிக்கருவி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு மதுக்கூடத்தில் எட்டு மணி நிகழ்ச்சியை ஒன்பதரைக்குத் தொடங்கி, பத்தரைக்கு 'அண்டை வீட்டார் புகார்' என்று விளக்கைப் போட்டார்கள். நாலு குழுக்களில் இரண்டைத்தான் பார்த்தேன். நுழைவுக் கட்டணம் முழுதாக வாங்கிக்கொண்டார்கள். நிகழ்ச்சி ஏற்பாடு பண்ணும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசி ரயில் நேரத்தை மனத்தில் வைத்து வரிசை போடுங்கள். முக்கியமான குழு மேடை ஏறும்போது பாதிக் கூட்டம் கைப்பேசியில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதில்லை.

பெரிய நிகழ்ச்சிகளின் கவலை வேறு மாதிரி. 2013-ல் சாங்கி கண்காட்சி மையத்தில் மெட்டாலிக்கா வந்தபோது ஊரே திரண்டது. 2019 மார்ச் 7 அன்று ஸ்வீடனின் பிளாக் மெட்டல் குழு வாட்டெய்ன் வாசிக்க இருந்தது. நிகழ்ச்சி தொடங்க இருந்த அன்றே அதிகாரிகள் ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் கையில், கறுப்புச் சட்டை உடம்பில், போக இடமில்லை. அந்தக் குழுவின் மேடை எனக்கு அவ்வளவு பிடிக்காது, அது தனிக் கதை. ஆனாலும் வயது வரம்பு போட்டு அனுமதித்த நிகழ்ச்சியை அந்த நாளில் நிறுத்தியதை நான் இன்னும் ஏற்கவில்லை.

புதிதாகப் போகிறவர்கள் காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை உருண்டை, உயர்ந்த ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும். சிம்பலும் கிட்டாரின் கூர்மையும் காணாமல் போய் வெறும் 'தும் தும்' மிஞ்சும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் வடிகட்டி வைத்த வகையை வாங்குங்கள். சத்தம் குறையும், நிறம் மாறாது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கிட்டார் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். முதல் தடவை டிரம்ஸுக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம். ஒலிக்கலவை செய்பவரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எதைக் கேட்டுச் சரிசெய்கிறாரோ அதுவே உங்களுக்கும் கிடைக்கும்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இந்த இசையே புதிது என்பவர்கள் ருத்ராவை வாங்குங்கள், குறுந்தட்டாகவே வாங்குங்கள், அந்தப் பாடல்வரிப் புத்தகத்துக்காக. ஏற்கெனவே பழகியவர்களுக்கு 'ஹிஸ்'. அதைக் கைப்பேசி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு வந்து புகார் சொல்லக் கூடாது.